சனிக்கிழமைச் சண்டை வகுப்பு

நாகர்கோவில் பக்கம், கருங்கல் என்ற ஊரின் சந்தைக்கு எதிரே பெயிண்ட் கடை வைத்திருக்கும் சத்தியநேசனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் ஸ்மைலின் நர்சிங் முடித்துவிட்டு மஸ்கட்டில் வேலை பார்க்கிறாள். அதைச் சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. இளையவள் ஜாஸ்மி என்ன படித்திருக்கிறாள் என்று யாராவது கேட்டால்தான் அவர் திடீரென்று பெயிண்ட் டப்பா மூடியை நெம்பித் திறப்பதில் மும்முரமாகிவிடுவார். "எம்.ஏ." என்பார். "எதுல எம்.ஏ.?" என்று விடாமல் கேட்கிறவர்களிடம், ஏதோ வீட்டில் வந்துவிட்ட வியாதியைச் சொல்வதுபோல, "பிலாசபி" என்பார். கேட்டவரும் "ஓ" என்று சொல்லிவிட்டு, நாலு இஞ்ச் பிரஷ் இருக்கிறதா என்று பேச்சை மாற்றுவார்.

ஜாஸ்மிக்கு இந்தப் படிப்பின்மேல் ஆசை வந்ததற்கு ஒரு பேச்சுப்போட்டி காரணம். அவள் பிளஸ் டூ படித்த வருஷம், அவர்கள் சர்ச் சபையின் வாலிபர் சங்கத்தில் பட்டிமன்றம் வைத்தார்கள். வெளிநாட்டு வேலை குடும்பத்துக்கு நல்லதா கெட்டதா என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு 'நல்லது' என்ற கட்சி விழுந்தது. அக்கா மஸ்கட்டுக்கு விமானம் ஏறி அப்போது கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வீட்டில் அம்மா ஒரு தட்டு கூடுதலாக எடுத்துவைத்துவிட்டுத் திரும்ப அலமாரியில் வைப்பதை ஜாஸ்மி தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டு வேலை நல்லது என்று அவள் மனசு ஒரு துளிகூட நம்பவில்லை. ஆனாலும் மேடையில் ஏறிப் பேசினாள். கை தட்டல் ஓய நேரமானது. முதல் பரிசு அவளுக்குத்தான்.

கீழே இறங்கி வரும்போது பக்கத்து வீட்டு தேவகனி அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சொந்த மகளைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள். "மக்களே, நீ பேசினதக் கேட்ட பெறவுதான் எனக்கு மனசு தெளிஞ்சுது. லிஜினை நான் துபாய்க்கு அனுப்பத்தான் போறேன்."

தேவகனி அக்காவின் மகன் லிஜின், ஜாஸ்மியோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். பிளஸ் டூ பரீட்சை முடிந்ததுமே அவன் போய்விட்டான். ஜாஸ்மிக்குப் பரிசுக் கோப்பையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தான் நம்பாத ஒன்றைச் சொல்லித் தான் ஜெயித்தது எப்படி? ஜெயித்தது நியாயமா, தன் தொண்டையா? லிஜினுக்கு அங்கே நல்லதே நடந்தாலும், அவனை அனுப்பிய பேச்சு பொய்ப்பேச்சுதானே? இதையெல்லாம் அவள் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் டீச்சரிடம் போய்க் கேட்டாள். டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதையே உட்கார்ந்து படிக்கிறதுக்கு ஒரு பாடம் இருக்கு தெரியுமா?" என்றார். ஜாஸ்மிக்குத் தெரியாது. தெரிந்த பிறகு அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் ஒரு மாதம் சண்டை. அம்மா ஞானபாய் மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள்: "நர்சிங் படிச்சா நாலு பேருக்கு ஊசி போடலாம். இதப் படிச்சிட்டு நீ யாருக்கு என்னத்தடி போடப்போற?"

ஜாஸ்மி அந்தக் கேள்வியோடேயே சென்னைக்கு ரயிலேறினாள். ஐந்து வருஷம் படித்தாள். படிப்பு முடிந்து அங்கேயே ஆராய்ச்சிக்குச் சேரலாம் என்றிருந்த சமயத்தில், ஞானபாய் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஜாஸ்மி ஊருக்கு வந்தாள். அம்மா நடக்கத் தொடங்கியதும் திரும்பலாம் என்று நினைத்தாள். அம்மா நடக்கத் தொடங்கினாள், ஜாஸ்மி திரும்பவில்லை. இரணியல் பக்கத்தில் அரசு உதவி பெறும் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் நன்னெறி வகுப்பு எடுக்க ஆள் தேவை என்றார்கள். சேர்ந்தாள். நன்னெறி என்பது பேருக்குத்தான். எந்த ஆசிரியர் லீவு போடுகிறாரோ அந்த வகுப்பில் போய்ப் பிள்ளைகள் கத்தாமல் பார்த்துக்கொள்வதே வேலை.

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆடி மாதத்தில் அந்தப் பள்ளியில் அடிதடி நடந்தது.

பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் நிறையப் பேர் பனங்குழிவிளைக்காரர்கள். அந்த ஊர் முக்கில் இருந்த பழைய பஸ் நிழற்குடை ஒரு பெருமழையில் சரிந்துவிட்டது. ஊர்க்காரர்கள் சேர்ந்தே புதிதாகக் கட்டினார்கள். சர்ச் இளைஞர்கள் செங்கல் இறக்கினார்கள், கோவில் கமிட்டிக்காரர்கள் கான்கிரீட் போட்டார்கள், பெண்கள் மண் சுமந்தார்கள். கட்டி முடிக்கும்வரை ஒரு மனஸ்தாபமும் இல்லை. என்ன பேர் எழுதுவது என்று வந்தபோதுதான் ஊர் இரண்டாகியது. அந்த ஊருக்கு முதல்முதலாகப் பஸ் வரவழைத்தவர், காலமான தாசையன் வாத்தியார். அவர் பேர்தான் வைக்க வேண்டும் என்றது சர்ச் பக்கம். நிழற்குடை நிற்கிற இடத்தைக் கொடுத்தவர், அவரும் காலமாகிவிட்ட பகவதியப்பன். அவர் பேர்தான் என்றது கோவில் பக்கம். ஒரு நாள் காலையில் ஒரு பேர் எழுதப்பட்டிருந்தது. மறுநாள் காலையில் அதன்மேல் தார் பூசப்பட்டிருந்தது. அன்று மத்தியானமே பிளஸ் ஒன் பையன்கள் பள்ளி மைதானத்தில் உருண்டு புரண்டு அடித்துக்கொண்டார்கள். ஒருவனுக்கு முன்பல் போயிற்று.

தலைமையாசிரியை நேசம்மாள் கண்டிப்பானவர். சண்டை போட்ட எல்லோரையும் சஸ்பெண்ட் செய்வதென்று முடிவெடுத்திருந்தார். ஜாஸ்மி அவர் அறைக்குப் போய் நின்றாள்.

"மேடம், அவங்கள வீட்டுக்கு அனுப்பினா அங்க போயும் இதையேதான் பேசுவாங்க. சனிக்கிழமை காலையில எனக்குத் தாங்க."

"என்ன செய்யப்போற? ஒண்ணா நிறுத்திக் கை குலுக்கச் சொல்லுவியா?"

"இல்ல மேடம். சண்டை போடச் சொல்லப்போறேன்."

நேசம்மாள் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "மோளே, நீ படிச்ச படிப்புக்கு இந்த வேலை வருமா வராதான்னு எனக்குத் தெரியாது. பல்லு உடைஞ்சா பொறுப்பு உனக்குத்தான்" என்றார்.

முதல் சனிக்கிழமை படுதோல்வி. சத்துணவுக் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, சென்னையில் எழுதிய கட்டுரைகளிலிருந்து தயாரித்துக்கொண்டு வந்ததை ஜாஸ்மி பேசினாள். பன்மை என்றால் என்ன, முரண் என்றால் என்ன என்று விளக்கினாள். தண்டனைக்கு வந்தவர்களோடு, விருப்பமிருந்தால் வரலாம் என்றதால் வந்த சில பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். பாதிப் பேர் தூங்கினார்கள். தூங்காதவர்களில் ஒருவன் அனீஷ். வாழைக்குலை வியாபாரி கிருஷ்ணமணியின் மகன். பகவதியப்பன் அவனுக்குத் தாத்தா முறை.

"மிஸ், ஒற்றுமையே பலம்னு நூறு தடவை எழுதித் தாறேன். வீட்டுக்கு விட்டுருங்க. கிரிக்கெட் இருக்கு" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். ஜாஸ்மிக்குக் காது சூடாகியது. ஆனால் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அவன் சொன்னதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒற்றுமையே பலம். எதைச் சொன்னால் பெரியவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்று இந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். தானும் ஒரு காலத்தில் மேடையில் நின்று அப்படித்தானே பேசியது, வாய் ஒன்று, மனசு ஒன்று. இவர்களையும் தாங்கள் நம்பாததைப் பேசவைத்துப் பிரயோசனமில்லை. எதிராளி நம்புவதைப் புரிந்துகொண்டு பேசவைத்தால்?

அடுத்த சனிக்கிழமை அவள் கையில் தாள் எதுவும் இல்லை. தரையில் வட்டமாக உட்காரச் சொன்னாள். நேற்று வைத்த சாம்பார் வாசனை கூடத்தைவிட்டுப் போகவில்லை. ஒரே ஒரு விதி சொன்னாள்.

"டெனிஷ், அனீஷ் பக்கத்து ஆளுங்களுக்கு என்ன வேணும், ஏன் வேணும்னு நீ சொல்லணும். அனீஷ் கேட்டுட்டு, 'செரி, அதுதான்'னு சொல்லணும். அதுவரைக்கும் உனக்க பக்கத்தைப் பத்தி நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது."

டெனிஷ் சர்ச் பக்கத்துப் பையன். பல் போனவன் அவன்தான். அனீஷைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான்: "எல்லாத்துலயும் அவங்களுக்க பேருதான் இருக்கணும். அதான் வேணும்."

"அது இல்ல" என்றான் அனீஷ்.

"ஊரு அவங்களுக்குத்தான்னு காட்டணும்."

"அதுவும் இல்ல."

"இடத்தைக் குடுத்த பவுசைச் சொல்லிக்கிட்டே இருக்கணும்."

"ஏலே, நீ வேணும்னே சொல்லுத."

இப்படியே போயிற்று. ஜாஸ்மி குறுக்கே பேசாமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள். கடைசியில் டெனிஷ் எரிச்சல் தாங்காமல் அனீஷ் பக்கம் திரும்பினான்.

"பின்ன என்னதான்லே வேணும் உங்களுக்கு?"

கேட்டது கோபத்தில்தான். ஆனால் கேட்டுவிட்டான். அனீஷும் ஒரு கணம் திகைத்துப்போனான். அவனிடம் இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை.

"அது சும்மா கிடந்த இடம் இல்லடே" என்றான். "தாத்தாவுக்கு அங்க வெத்தலபாக்குக் கடை இருந்துது. அதை இடிச்சிட்டுத்தான் இடத்தைக் குடுத்தாரு. பஸ்ஸுக்கு நிக்கிற பொம்பளைங்க மழையில நனையுறாங்கன்னு. பெறவு அவரு கடையே வைக்கல்ல. சாவுறவரைக்கும் வீட்டுலதான் இருந்தாரு. ஊருல யாரும் அதைச் சொல்றதே இல்ல. இடம் குடுத்தாருன்னு மட்டும் சொல்லுவாங்க."

டெனிஷுக்கு இது தெரியாது. நிறைய நிலம் வைத்திருந்த ஒரு பணக்காரர் ஒரு மூலையைக் கிள்ளிக் கொடுத்தார் என்றே அவன் கேட்டு வளர்ந்திருந்தான். இந்த முறை அனீஷைப் பார்த்து மறுபடி சொன்னான். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. அவருக்கு இருந்தது அந்தக் கடை ஒன்றுதான். அதை விட்டுக்கொடுத்ததை ஊர் மறந்துவிட்டது. பேர் வைத்தால் மறக்காது. அதற்காகத்தான் கேட்கிறார்கள்.

"செரி. அதுதான்" என்றான் அனீஷ்.

பிறகு அனீஷின் முறை. அவனும் தடுமாறினான், அவனும் கேட்டான். டெனிஷ் சொன்னான்: பஸ் வருவதற்கு முன்னால் ஊர்ப் பெண்பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுவார்களாம், மெயின் ரோடுவரை நடக்க வீட்டில் விடமாட்டார்கள் என்பதால். தாசையன் வாத்தியார் டெப்போவுக்கு நடையாய் நடந்து பஸ்ஸைக் கொண்டுவந்தார். "எங்க அம்மா பிளஸ் டூ படிச்சது அந்தப் பஸ்ஸுலதான்."

"எங்க அம்மாவுந்தான்" என்றான் அனீஷ், தன்னையறியாமல்.

பேர்ப் பிரச்சினை அன்று தீரவில்லை. தீர்க்க வேண்டும் என்று ஜாஸ்மி நினைக்கவும் இல்லை. எல்லோரும் எழுந்துகொள்ளும் நேரத்தில்தான் வட்டத்தின் மறு ஓரத்திலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள். முத்துக்கனி. அவளும் பனங்குழிவிளைக்காரிதான். அதிகம் பேசாதவள் என்று ஆசிரியர்கள் நினைத்துக்கொண்டிருந்த பெண்.

"ரெண்டு பக்கம், ரெண்டு பக்கம்னு சொல்லிட்டே இருக்கீங்க. நான் எந்தப் பக்கம்? எங்க வீட்டுல அய்யாவழி. நாங்க கோவிலுக்கு இல்ல, நிழல்தாங்கலுக்குக் கும்பிடப் போறவங்க. ஆளு எண்ணும்போது எங்களைக் கோவில் பக்கத்துல சேத்துக்கிறீங்க. பேரு வைக்கும்போது ஒரு வார்த்தை கேக்கல்ல. எங்க அம்மாவும் அந்த ஷெட்டுக்கு மண் சுமந்தாங்க."

"இதுக்கு யாராவது பதில் சொல்லுங்க" என்றாள் முத்துக்கனி. அன்று மதியம் ஒருவரும் கிரிக்கெட்டுக்குப் போகவில்லை என்று ஜாஸ்மி பிற்பாடு கேள்விப்பட்டாள். பள்ளி வாசலிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்களாம்.

அதன்பிறகு தண்டனைக்காக வருகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு வாரமும் கேள்வியைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி இருந்தால் சண்டை வராதா? பெரும்பாலானவர்கள் சொன்னால் அது சரியாகிவிடுமா? மன்னிப்பும் மறதியும் ஒன்றா? ஒரு வாரம், சண்டை எப்போதுமே கெட்டதா என்று பேசினார்கள். எல்லோரும் ஆமாம், கெட்டதுதான் என்று தலையாட்டிக்கொண்டிருந்தபோது டெனிஷ் மட்டும் இல்லை என்றான்.

"எங்க வீட்டுல ஒரு வருஷம் அம்மையும் அப்பாவும் சண்டையே போடல்ல. பேசவும் இல்ல. டிவி சத்தம் மட்டுந்தான். வாறவங்க எல்லாம், எவ்வளவு அமைதியான வீடுன்னு சொல்லுவாங்க. எனக்குப் பயமா இருக்கும். பெறவு ஒரு நாள் அம்மை பாத்திரத்தைத் தூக்கி எறிஞ்சு சண்டை போட்டாங்க. அண்ணைக்குத்தான் நான் நல்லா உறங்கினேன்."

பதினாறு வயதுப் பையன், ஊரே கேட்கும்படி சொல்லக்கூடிய விஷயமில்லை அது. ஒருவரும் சிரிக்கவில்லை. அனீஷ் நகர்ந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். ஜாஸ்மி சென்னையில் ஐந்து வருஷம் எத்தனையோ கருத்தரங்கில் உட்கார்ந்திருக்கிறாள். அமைதி என்றால் என்ன என்பதை இவ்வளவு நேராக அவளிடம் யாரும் சொன்னதில்லை. பெருமையை வெளியே காட்டிக்கொள்ளாமல், "வேற யாராவது?" என்று மட்டும் கேட்டாள்.

பிரச்சினை கார்த்திகை மாதத்தில் வந்தது. யாரோ ஒருவர் வாட்ஸாப்பில் குரல் பதிவு போட்டார். சர்ச் பையன்களைக் கோவிலுக்காக வாதாடவைக்கிறாள் அந்த டீச்சர் என்று ஒரு குழுவில் ஓடியது. கோவில் பையன்களை மதம் மாறப் பழக்குகிறாள் என்று இன்னொரு குழுவில் ஓடியது. ஒரே வாரத்தில் இரண்டு பக்கத்துக்காரர்களும் அவரவர் குழுவில் வந்ததை நம்பினார்கள். கருங்கல் கடைக்கே ஒருவர் வந்து சத்தியநேசனிடம், "மொவள கொஞ்சம் அடக்கி வையும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் சத்தியநேசன் மகளிடம் கேட்டார். "மக்களே, இதெல்லாம் நமக்கு வேணுமா?"

"பயமாத்தான் இருக்குப்பா" என்றாள் ஜாஸ்மி. "ஆனா அந்தப் பிள்ளைங்க இப்ப பேசுறதை நீங்க ஒரு தடவை கேட்டா, நிறுத்துன்னு சொல்லமாட்டீங்க."

கட்டிலில் கிடந்த ஞானபாய் எழுந்து உட்கார்ந்தாள். "கேட்டா சொல்லமாட்டாங்கன்னா, அவங்களைக் கூப்பிட்டுக் கேக்க வைக்க வேண்டியதுதானே? இஞ்ச வந்து எங்ககிட்ட என்னத்துக்குச் சொல்லுத?"

ஜாஸ்மி மறுநாள் நேசம்மாளிடம் அதையே சொன்னாள். நேசம்மாள் தானே போன் போட்டுப் பெற்றோரைக் கூப்பிட்டார்.

அந்தச் சனிக்கிழமை சத்துணவுக் கூடம் நிரம்பிவிட்டது. அனீஷின் அப்பா கிருஷ்ணமணி, சட்டையில் வாழைக்கறையோடு நேராகச் சந்தையிலிருந்து வந்திருந்தார். டெனிஷின் சித்தப்பா எட்சன் சர்ச் கமிட்டி உறுப்பினர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு எதிர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கடையைப் பூட்டிவிட்டு சத்தியநேசனும் வந்து கடைசி பெஞ்சில் ஒதுங்கியிருந்தார். ஜாஸ்மி எழுந்து நின்றாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நீங்க என்கிட்டக் கேக்க வந்ததை எல்லாம் கேக்கலாம். நான் எங்கயும் போகமாட்டேன். முதல்ல பிள்ளைங்க பேசுறதைக் கேளுங்க. ஒண்ணே ஒண்ணு, அவங்க முடிக்கிறவரைக்கும் நடுவுல பேசக்கூடாது."

"எங்க பிள்ளைங்க முன்னால எங்களையே வாயை மூடச் சொல்லுதியளா டீச்சரே?" என்றார் கிருஷ்ணமணி.

"ஆமாண்ணே. அவங்களும் அப்படித்தான் உட்காந்திருந்தாங்க."

பிள்ளைகள் நிழற்குடைப் பிரச்சினையையே எடுத்துக்கொண்டார்கள். ஜாஸ்மி அதைச் சொல்லவில்லை, அவர்களே தீர்மானித்திருந்தார்கள். கோவில் பக்கத்துக்காக டெனிஷ் எழுந்து பேசினான். வெற்றிலைபாக்குக் கடையிலிருந்து ஆரம்பித்தான். அதை இடித்தபோது பகவதியப்பனுக்கு என்ன வயசு, அதற்குப் பிறகு அவர் எப்படி இருந்தார் என்று சொன்னான். இடம் கொடுப்பதும் பிழைப்பைக் கொடுப்பதும் ஒன்றல்ல என்றான். ஒரு மனிதன் விட்டுக்கொடுத்ததை ஊர் சொல்லாமலே இருந்தால், அடுத்த ஆள் எதற்கு விட்டுக்கொடுப்பான் என்று கேட்டான். அதில் ஒரு இடத்திலும் கிண்டல் இல்லை.

கிருஷ்ணமணி உட்கார்ந்திருந்த பெஞ்சு கிரீச்சிட்டது. அவர் எழுந்துவிட்டார்.

"பேசக்கூடாதுன்னு சொன்னீங்க, எனக்குத் தெரியும்" என்றார். "ஆனா இதை நான் சொல்லியே ஆகணும். நாலு மாசமா கமிட்டியில நானும் கத்திட்டு இருக்கேன். எங்க பக்கத்து நியாயத்தை எனக்கே இப்படிச் சொல்லத் தெரியல்ல. ஏலே மக்கா, நீ எங்க கமிட்டிக்கு வாறியா?"

கூடம் கலகலத்துவிட்டது. டெனிஷ் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டான். கிருஷ்ணமணி உட்காரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அனீஷ் எழுந்து தாசையன் வாத்தியாருக்காகப் பேசியபோது ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை.

எட்சன் அவ்வளவு சுலபத்தில் இளகுகிறவர் இல்லை. எல்லாம் முடிந்தபின் எழுந்தார். "பிள்ளைங்க நல்லாத்தான் பேசுறாங்க. இல்லன்னு சொல்லல்ல. ஆனா சொந்த விசுவாசமே உறுதிப்படாத வயசுல, அடுத்தவன் பக்கத்துல போய் நிண்ணு பேசினா, கடைசியில நம்ம பக்கமே இல்லாம போயிராதா? எனக்கு அந்தச் சந்தேகம் தீரல்ல."

ஜாஸ்மிக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. தட்டிக்கழிக்க முடியாத கேள்வி. "உடனே பதில் சொல்ல எனக்கும் தெரியல்லண்ணே. அடுத்த வாரம் இதையே கேள்வியா எடுத்துக்கலாமா? நீங்களும் வட்டத்துல உட்காருங்க."

எட்சன் வந்தார். அந்த வாரம் மட்டுமல்ல, அதற்குப் பிறகும் பல வாரங்கள் வந்தார். சந்தேகம் தீர்ந்ததாக இன்றுவரை அவர் சொல்லவில்லை.

நிழற்குடைக்குப் பேர் வைக்கப் பங்குனி ஆகிவிட்டது. இரண்டு கமிட்டியும் ஒன்றாக உட்கார்ந்து, ரோட்டைப் பார்க்கிற முகப்பில் ஒரு பேர், உள்சுவரில் ஒரு பேர் என்று தீர்மானித்தார்கள். எது முகப்பு எது உள்சுவர் என்பதற்குச் சீட்டுப் போட்டார்கள். மண் சுமந்த பெண்களின் பேர்கள் எங்கே என்று முத்துக்கனி கிருஷ்ணமணியிடமும் எட்சனிடமும் போய்க் கேட்டாள். மூன்றாவது சுவர் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. முத்துக்கனி விடுவதாக இல்லை. இப்போது கமிட்டிக் கூட்டம் நடந்தால் அவளையும் கூப்பிடுகிறார்கள்.

செய்தி மெல்லப் பரவியது. மயிலாடி பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கடற்கரை ஊர்ப் பள்ளி ஒன்று ஜாஸ்மியைக் கூப்பிட்டது. இப்போது அவளுக்கு லீவு போட்ட டீச்சருக்குப் பதிலாகப் போகிற வேலை இல்லை. ஊர் ஊராகப் போய்ப் பயிலரங்கு நடத்துகிறாள். அவள் தனியாகப் போவதில்லை. பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போய்விட்ட டெனிஷும் அனீஷும் முத்துக்கனியும் சனிக்கிழமையானால் கூடவே போகிறார்கள்.

கடையில் யாரோ ஒரு கொத்தனார் சத்தியநேசனிடம் மகளைப் பற்றி விசாரித்தாராம். "ஒர்க்‌ஷாப் நடத்துறா" என்றாராம் இவர். "நல்ல வருமானம் உள்ள தொழிலாச்சே. டூ வீலரா, காரா?" என்று கேட்டிருக்கிறார் கொத்தனார். சத்தியநேசன் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு அவரை ஸ்டூலில் உட்காரவைத்தார். டெனிஷ் பேசியதில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். கொத்தனார் வாங்க வந்த பிரைமரை மறந்து வீட்டுக்குப் போய்விட்டாராம். இதை ஞானபாய் போனில் மஸ்கட்டுக்குச் சொல்லிச் சிரித்தாள்.

போன மாசியில் நாகர்கோவிலில் ஒரு மண்டபத்தில், இந்தச் சனிக்கிழமை வகுப்பு நடக்கிற எல்லாப் பள்ளிகளும் கூடின. கடற்கரைப் பிள்ளைகள், மலையடிவாரத்துப் பிள்ளைகள், தமிழ் பேசுகிறவர்கள், வீட்டில் மலையாளம் பேசுகிறவர்கள், தொப்பி போட்டவர்கள், நாமம் இட்டவர்கள். பகல் முழுக்க வட்டம் வட்டமாகப் பேசினார்கள். வட்டங்களை நடத்தியது மாணவர்களே. ஜாஸ்மி தண்ணீர் கேன் மாற்றுவதையும் சாப்பாட்டுப் பொட்டலம் வந்துவிட்டதா என்று பார்ப்பதையும் கவனித்துக்கொண்டாள். கடைசியில் அவளை மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தார்கள். களைப்பு. என்ன பேசுவது என்று யோசித்திருக்கவில்லை. வாயில் வந்ததைப் பேசினாள். நன்றி சொன்னாள். முடிக்கும்போது, "எவ்வளவு வேற்றுமை இருந்தாலும் நாம எல்லாரும் ஒண்ணுதான்" என்றாள்.

எல்லோரும் கை தட்டினார்கள். நடுவில் ஒரு கை உயர்ந்தது.

"மிஸ், ஒரு நிமிஷம்." முத்துக்கனி எழுந்து நின்றாள். "நீங்க இப்ப சொன்னது எனக்குச் சரின்னு படல்ல."

கை தட்டல் நின்றது. முன்வரிசையில் விருந்தினராக உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நேசம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"ஒண்ணுன்னா யாரு மாதிரி ஒண்ணு?" என்று கேட்டாள் முத்துக்கனி. "எங்களை எப்பவும் அப்படிச் சொல்லித்தான் யாராவது ஒருத்தர் கணக்குல சேத்துக்கிறாங்க. இந்த ரெண்டரை வருஷத்துல நாங்க ஒண்ணா ஆகல்ல மிஸ். அனீஷ் அனீஷாத்தான் இருக்கான், டெனிஷ் டெனிஷாத்தான் இருக்கான். எனக்கு ரெண்டு பேரு மேலயும் இன்னும் கோவம் இருக்கு. ஆனா அவங்க சொல்லுறது எனக்குக் கேக்குது. நான் சொல்லுறது அவங்களுக்குக் கேக்குது. அதைப் போய் ஒண்ணுன்னு சொன்னா, நாங்க பட்ட பாடெல்லாம் எதுக்கு?"

ஜாஸ்மிக்கு முகம் சிவந்தது. முதலில் வந்தது வெட்கம்தான். அதற்குப் பின்னாலேயே வேறொன்று வந்தது. அதை அடக்கமுடியாமல் சிரித்துவிட்டாள். பாதி மாவட்டத்துப் பள்ளிகள் கூடியிருக்கிற மண்டபத்தில், தன் டீச்சர் பேசியது தப்பு என்று எழுந்து நின்று சொல்ல ஒரு பெண்ணுக்குத் துணிச்சல் வந்திருக்கிறது. குரல் உயராமல், காரணத்தோடு சொல்கிறாள்.

"செரி" என்றாள் மைக்கில். "நான் புரிஞ்சுக்கிட்டேனான்னு பாரு. ஒண்ணுன்னு சொல்லும்போது, பெரிய கூட்டம் சின்னக் கூட்டத்தை விழுங்கிரும். அதனால வேற வேறயாவே இருக்கணும்னு சொல்ற. அதுதானா?"

முத்துக்கனி யோசித்தாள். "பாதி சரி மிஸ். வேற வேறயா இருந்தா மட்டும் போதாது. அப்படி இருந்துதான் ஊரே அடிச்சுக்கிட்டுது."

மண்டபம் சிரித்தது. ஜாஸ்மியும் சிரித்தாள். மறுபடி முயன்றாள். மூன்றாவது தடவை, "வேற வேறயாவே இருக்கணும், ஆனா ஒருத்தர் சொல்றது மத்தவங்களுக்குக் கேக்கணும்" என்றதும்தான் முத்துக்கனி, "ஆமா மிஸ், அதுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அப்போது எழுந்த கைதட்டலில் நேசம்மாளின் கைதான் எல்லோரையும்விட உரக்கக் கேட்டது.

சாயங்காலம் வடசேரி பஸ் ஸ்டாண்டில் கருங்கல் பஸ் ஏறினார்கள். பின்சீட்டில் மூன்று பேரும் ஏறிய நிமிஷத்திலிருந்தே சண்டை. முத்துக்கனி மேடையில் சொன்னது முழுக்க சரியில்லை என்று டெனிஷ், அவள் சொன்னதையே இவன் சரியாகக் கேட்கவில்லை என்று அனீஷ், நீங்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை என்று முத்துக்கனி. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "ஏ பிள்ளைகளா, மத்தவங்களும் பஸ்ஸுல இருக்கோம்" என்றார். பக்கத்து சீட்டில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், "அவங்க பேசட்டும், எனக்கு அந்தப் பிள்ளை சொல்லுறதுதான் செரின்னு தோணுது" என்று முத்துக்கனி கட்சிக்குப் போய்விட்டார். திங்கள்சந்தை தாண்டியும் அது ஓயவில்லை. முன்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஜாஸ்மி திரும்பிப் பார்க்கவில்லை. காதை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டு, இறங்கும் இடம் வரும்வரை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டே வந்தாள்.